ஷ்ரிம்ப் அண்ட் கிரிட்ஸ்: எந்த ஊரில் எது வரும், எதைக் கேட்டு வாங்குவது

நான் தூத்துக்குடிக்காரி. இறால் எனக்குப் புதிதல்ல. அந்தத் தைரியத்தில்தான், அமெரிக்காவில் வட கரோலினாவின் ஷார்லட் நகருக்கு வேலைக்கு வந்த முதல் மாதமே, மெனுவில் 'ஷ்ரிம்ப் அண்ட் கிரிட்ஸ்' (இறாலும் மக்காச்சோளக் கூழும்) என்று கண்டதும் யோசிக்காமல் சொல்லிவிட்டேன். வெள்ளையாக ஒரு கூழ் வந்தது. மேலே காளான், பேக்கன் என்ற உப்பிட்ட பன்றிக்கறி, ஆறே ஆறு இறால். சரி, இதுதான் அந்தப் பண்டம் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து நியூ ஆர்லியன்ஸில் அதே பெயரைச் சொல்லிக் கேட்டேன். தலையும் ஓடுமாக இறால், பழுப்பு நிற வெண்ணெய்ச் சாறு, மூக்கில் ஏறும் மிளகு. காளான் மருந்துக்கும் இல்லை. பிடித்துப்போய், ஆளுக்கொரு பண்டம் கொண்டுவரும் அலுவலக பாட்லக் விருந்துக்கு அதையே சமைத்துக் கொண்டுபோனேன். சார்ல்ஸ்டனில் பிறந்து வளர்ந்த சக ஊழியர் ஒருவர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கு. ஆனா இது ஷ்ரிம்ப் அண்ட் கிரிட்ஸ் இல்லை" என்றார். பக்கத்தில் இருந்த லூசியானாக்காரர் சும்மா விடுவாரா? மீன் குழம்புக்குத் தேங்காய் அரைக்கலாமா கூடாதா என்று நம் வீடுகளில் நடக்குமே, அதே சண்டை.

அதன்பின் கரோலினாக்கள், ஜார்ஜியா, அலபாமா, லூசியானா என்று சுற்றி, காசையும் சில மாலைப்பொழுதுகளையும் வீணாக்கிக் கற்றுக்கொண்டதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். பெயர் ஒன்றுதான், பண்டம் நான்கைந்து. எது வரப்போகிறது என்பதைத் தட்டு வருவதற்கு முன்பே கண்டுபிடிக்கலாம்.

1. முதலில் கிரிட்ஸைத் தனியாகச் சாப்பிட்டுப் பாருங்கள்

கிரிட்ஸ் என்பது காய்ந்த மக்காச்சோளத்தை நொய்யாக உடைத்துக் கிண்டும் கூழ். பதத்தில் நம் களிக்கும் கஞ்சிக்கும் நடுவில் நிற்கும். நம் நாக்குக்கு முதல் வாயில் சப்பென்றுதான் இருக்கும். அதைப் பழகாமல் நேரே 25 டாலர் தட்டில் போய் விழாதீர்கள். ஒரு சனிக்கிழமை காலையில் வாஃபிள் ஹவுஸ் மாதிரி ஒரு சாலையோரக் கடையில் ஒரு கிண்ணம் வாங்குங்கள். சில டாலர்தான். உப்பும் வெண்ணெயும் போட்டுச் சாப்பிடுங்கள். அங்கே கிடைப்பது கல்லில் அரைத்த உயர்ந்த ரகமாக இருக்காது. ஆனாலும் இந்தக் கூழ் உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும்.

சர்க்கரை போடலாமா என்று மேசையில் சத்தமாகக் கேட்காதீர்கள். போடுகிறவர்கள் இருக்கிறார்கள். போடுவதைக் குற்றமாகப் பார்க்கிறவர்கள் அதைவிட அதிகம். ஷ்ரிம்ப் அண்ட் கிரிட்ஸ் தட்டில் மட்டும் எந்த மாநிலத்திலும் சர்க்கரைக்கு இடமில்லை.

இன்னொன்று: இங்கே 'ப்ரான்' என்று கேட்டால் விழிப்பார்கள். சின்னதோ பெரியதோ எல்லாமே ஷ்ரிம்ப்தான்.

2. மெனுவில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்

பெயரைப் பார்க்காதீர்கள். பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் வரிதான் முக்கியம்.

முதலாவது, சாறு. 'பிரவுன் கிரேவி', 'டாஸோ கிரேவி', 'கிரீம்', 'பார்பெக்யூ ஷ்ரிம்ப்', 'கிரியோல்' ஆகியவற்றில் எந்தச் சொல் இருக்கிறதோ, அதுவே உங்கள் தட்டின் ஊர்.

இரண்டாவது, கிரிட்ஸின் வகை. 'ஸ்டோன் கிரவுண்ட்' என்றால் கல்லில் அரைத்தது. ஆலையின் பெயரையும் போட்டிருந்தால் சமையலறை அக்கறையோடு செய்கிறது என்று நம்பலாம். 'சீஸ் கிரிட்ஸ்' என்றால் சேடார் மாதிரி ஏதாவது கலந்திருக்கும், உப்பு கூடுதலாக இருக்கும். 'கிரிட் கேக்' என்றால் கூழே இல்லை. ஆறவைத்து வெட்டிப் பொரித்த துண்டு.

மூன்றாவது, இறால் எங்கிருந்து வந்தது. 'லோக்கல்', 'வைல்ட்' (கடலில் பிடித்தது), 'கல்ஃப்' (மெக்சிக்கோ வளைகுடா) என்ற சொற்களில் ஒன்றாவது இருக்கிறதா பாருங்கள். எதுவும் இல்லையென்றால் அநேகமாக இறக்குமதி. இதைப் பற்றி 6ஆம் படியில் விரிவாகச் சொல்கிறேன், நமக்கு அதில் தனிக் கதை இருக்கிறது.

3. ஊருக்கு ஊர் என்ன வரும்

*தென் கரோலினாக் கடலோரம்.* சார்ல்ஸ்டனைச் சுற்றியுள்ள தாழ்நிலப் பகுதியை லோகண்ட்ரி என்பார்கள். இந்தப் பண்டத்தின் தாய்வீடு என்று உரிமை கொண்டாடுவது இந்த ஊர்தான். பழைய முறையில் இது காலை உணவு. உப்பங்கழியில் வலைவீசிப் பிடித்த சின்ன இறாலை வெண்ணெயிலோ பேக்கன் கொழுப்பிலோ வதக்கி, கூழின் மேல் போட்டுக்கொள்வது, அவ்வளவுதான். கடற்தீவுகளில் வாழும், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த கல்லா கீச்சி மக்களின் வீடுகளில் மாவைச் சிவக்க வறுத்து, வெங்காயம் போட்டு, பழுப்புக் குழம்பாக்கி அதில் இறாலை விடுவார்கள். இன்று உணவகங்களில் இதன்மேல் டாஸோ என்ற காரமான புகையூட்டிய பன்றிக்கறி, கிரீம், குடைமிளகாய் என்று ஏறிவிட்டன. எளிமையான பழைய ரகம் வேண்டுமென்றால் இரவு உணவுக்குப் போகாதீர்கள். காலை உணவு போடும் சின்னக் கடையாகப் பார்த்துப் போங்கள்.

இங்கே ஒரு சொல்வலை இருக்கிறது, நான் அதில் விழுந்தேன். சார்ல்ஸ்டனின் பழைய தலைமுறை, வெந்த கிரிட்ஸை 'ஹாமினி' என்று சொல்லும். பழைய சமையற்குறிப்பு ஒன்றில் 'ஷ்ரிம்ப் அண்ட் ஹாமினி' என்று பார்த்துவிட்டு, கடையில் ஹாமினி என்று எழுதிய டப்பா இரண்டு வாங்கி வந்தேன். திறந்தால் சுண்ணாம்பு நீரில் தோல் நீக்கிய முழு மக்காச்சோள மணிகள், சுண்டல் மாதிரி! அது மெக்சிக்கோ பாணி சூப்புக்குப் போடுவது. நீங்கள் வாங்க வேண்டியது கிரிட்ஸ் என்று எழுதிய பை.

*வட கரோலினா.* சேப்பல் ஹில் நகரில் குரூக்ஸ் கார்னர் என்ற உணவகத்தில் பில் நீல் 1980களில் செய்த தட்டுதான் இந்தப் பண்டத்தைக் கடலோரத்துக்கு வெளியே கொண்டுபோனது. சீஸ் கலந்த கிரிட்ஸ், பேக்கன், காளான், வெங்காயத்தாள், பூண்டு, எலுமிச்சை. குழம்பு என்று எதுவும் கிடையாது, வதக்கல்தான். அந்த உணவகம் 2021இல் மூடிவிட்டது. ஆனால் அந்தப் பாணி கடலிலிருந்து தள்ளியுள்ள நகரங்கள் முழுக்கப் பரவியிருக்கிறது. ஷார்லட், ராலி, இன்னும் தள்ளி மிசிசிப்பியின் ஆக்ஸ்ஃபர்டு வரை காளானும் பேக்கனும் சேர்ந்து வந்தால் அது இந்தக் குடும்பம். நான் முதலில் சாப்பிட்டதும் இதுதான். சார்ல்ஸ்டன்காரர்களுக்குக் காளான் என்றாலே முகம் சுளிக்கும். என் கட்சி என்னவென்றால், எலுமிச்சைச் சாறு சரியாக விழுந்தால் நம் நாக்குக்கு முதலில் பிடிப்பது இதுவே.

*ஜார்ஜியா.* கிரிட்ஸை 2002இல் மாநிலத்தின் அதிகாரபூர்வச் சமைத்த உணவாகவே அறிவித்தவர்கள். சவானாவில் கிடைப்பது சார்ல்ஸ்டனின் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். டாஸோவும் கிரீமும் சேர்த்த கிரேவிதான் அதிகம் கண்ணில் படும். அட்லாண்டாவில் எல்லாப் பாணியும் கிடைக்கும் என்பதால் அங்கே மெனுவைப் படிக்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

*அலபாமா, மிசிசிப்பி வளைகுடாக் கரை.* இங்கே சமையல் முறையைவிட இறாலின் இனத்தைக் கேளுங்கள். கல்ஃப் ஷோர்ஸ், ஆரஞ்சு பீச் பக்கம் 'ராயல் ரெட்' என்று ஓர் ஆழ்கடல் இறால் கிடைக்கும். பச்சையாக இருக்கும்போதே சிவப்பு. வெந்தால் சிங்கிறால் போன்ற இனிப்பு. சாதாரண இறாலைவிடச் சீக்கிரம் வெந்துவிடும், அதனால் கனத்த குழம்பில் கொதிக்கவிட்டுக் கெடுக்கும் கடையில் இதற்குக் காசு கொடுக்காதீர்கள். வெண்ணெயில் வதக்கித் தருகிறார்களா என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

*லூசியானா.* இது வேறு நாடு. இரண்டு கிளைகள் உண்டு. ஒன்று, 'பார்பெக்யூ ஷ்ரிம்ப்' ஊற்றிய கிரிட்ஸ். பெயரைக் கேட்டுச் சுட்ட இறாலை எதிர்பார்க்காதீர்கள். நெருப்பில் வாட்டுவதே கிடையாது. ஏராளமான வெண்ணெய், வூஸ்டர்ஷயர் சாஸ், பூண்டு, கைநிறைய மிளகு, இவற்றில் தலையோடு வெந்த இறால். முள்கரண்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கையால் உரித்துத் தலையை உறிஞ்சலாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அமெரிக்கா வந்து நான் கூச்சமில்லாமல் சாப்பிட்ட முதல் சாப்பாடு அதுதான். மற்றது கிரியோல் பாணி: மாவும் எண்ணெயும் சேர்த்து வறுத்த 'ரூ', வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றும் வதக்கி, சில வீடுகளில் தக்காளியும் சேர்த்து, ஆண்டூயி என்ற புகையூட்டிய பன்றித் தொத்திறைச்சி போட்டது. நம் தொக்குக்கு மிக அருகில் வருவது இது.

நியூ ஆர்லியன்ஸில் 'கிரில்லாட்ஸ் அண்ட் கிரிட்ஸ்' என்றும் மெனுவில் பார்ப்பீர்கள். அவசரத்தில் படித்துவிட்டு இறால் என்று நினைக்க வேண்டாம். அது பெரும்பாலும் மாட்டிறைச்சி அல்லது கன்றிறைச்சி.

4. பன்றியோ மாடோ சாப்பிடாதவர்கள் இந்த மூன்று கேள்விகளையும் கேட்டுவிடுங்கள்

இதுதான் நம்மவர்கள் அதிகம் மாட்டும் இடம். பெயரில் இறால் மட்டும் இருக்கும், தட்டில் பன்றி இருக்கும். பேக்கன், டாஸோ, ஆண்டூயி மூன்றும் பெரும்பாலும் பன்றிதான். மேலே தூவியிருக்கும் பேக்கனை எடுத்துவிட்டால் போதும் என்று என்னோடு வந்த தோழி நினைத்தாள். குழம்பின் அடித்தாளிப்பே பேக்கன் கொழுப்பு என்பது பாதித் தட்டு முடிந்தபிறகுதான் தெரிந்தது. அவள் அதன்பின் அன்று முழுக்கப் பேசவில்லை.

கேட்க வேண்டியவை: குழம்பை எந்தக் கொழுப்பில் ஆரம்பிக்கிறீர்கள்? கிரிட்ஸைத் தண்ணீரில் வேகவைக்கிறீர்களா, பாலிலா, கோழிச்சாறிலா? பன்றி இல்லாமல் புதிதாக ஒரு தட்டுச் செய்துதர முடியுமா? வட கரோலினாப் பாணியில் இது பெரும்பாலும் முடியும், ஏனென்றால் ஒவ்வொரு தட்டாக வதக்குகிறார்கள். லோகண்ட்ரி கிரேவியும் கிரியோல் சாறும் காலையிலேயே பெரிய பாத்திரத்தில் வைத்துவிடுவதால் அங்கே முடியாது என்பதே நேர்மையான பதில். 'எடுத்துவிட்டுத் தருகிறோம்' என்றால் மேலே தூவுவதை மட்டும்தான் சொல்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

சைவர்கள் துணைக்குப் போனால், வெறும் கிரிட்ஸ் கேட்பதற்கு முன்பும் அந்தக் கோழிச்சாறு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

5. செலவும் நேரமும்

உட்கார்ந்து சாப்பிடும் நல்ல உணவகத்தில் நான் கொடுத்தது பெரும்பாலும் 20 முதல் 30 டாலர் வரை. மெனுவில் போட்டிருக்கும் விலையோடு கணக்கை முடிக்காதீர்கள். வரியும் 18 முதல் 20 விழுக்காடு டிப்ஸும் சேர்ந்தால் 24 டாலர் தட்டு 30 டாலரைத் தாண்டும். அதே கடையில் மதியத்தில் சின்ன அளவு தருகிறார்களா பாருங்கள், நாலைந்து டாலர் மிச்சமாகும். கிரிட்ஸ் வயிற்றில் போய் உட்காரும் பண்டம், சின்ன அளவே போதும்.

காலையும் மதியமும் சேர்ந்த வார இறுதி 'பிரஞ்ச்' சாப்பாட்டு நேரத்தில், அதாவது காலை 10 மணியிலிருந்து மதியம் 2 மணி வரை, கூட்டம் அள்ளும். சார்ல்ஸ்டனில் முன்பதிவு இல்லாமல் ஒரு ஞாயிறு போய் ஒன்றேகால் மணி நேரம் வாசலில் நின்றேன். வார நாளில் போனால் 11 மணிக்கே உட்காரலாம்.

ஷார்லட்டிலிருந்து சார்ல்ஸ்டன் காரில் மூன்றேகால் மணி நேரம். அங்கிருந்து சவானா இன்னும் இரண்டு மணி நேரம். இரண்டையும் ஒரே வார இறுதியில் முடிக்கலாம். நியூ ஆர்லியன்ஸைத் தனிப் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

காரம் போதவில்லையென்றால் ஹாட் சாஸ் கேளுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பெரும்பாலும் மேசையிலேயே புட்டி ஒன்று இருக்கும்.

6. இறால் வாங்கும்போது லேபிளைப் படியுங்கள்

வீட்டில் செய்யப் போகிறீர்கள் என்றால் உங்கள் முக்கிய ஆவணம் இதுதான். பெரிய கடைகளில் பச்சை இறாலுக்கு எந்த நாட்டிலிருந்து வந்தது, கடலில் பிடித்ததா பண்ணையில் வளர்ந்ததா என்ற இரண்டையும் எழுதியாக வேண்டும், அது அமெரிக்க மத்திய அரசின் விதி. ஆனால் வேகவைத்த இறாலுக்கும் மாவு தோய்த்த இறாலுக்கும் இந்த விதி பொருந்தாது. உணவகங்களுக்கும் பொருந்தாது. லூசியானா மட்டும் 2019இல் தனிச் சட்டம் போட்டு, இறக்குமதி இறாலைப் பரிமாறும் உணவகங்கள் அதை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. அலபாமாவும் பின்னர் அதே வழியில் வந்தது.

சார்ல்ஸ்டனில் ஒரு கடையில் 'கடலோர விருந்து' என்று அலங்காரமாக அச்சிட்ட உறைபனிப் பையை எடுத்தேன். திருப்பிப் பார்த்தால், 'இந்தியாவில் விளைந்தது'. அமெரிக்காவுக்கு அதிக இறால் அனுப்பும் நாடு நம் நாடுதான், பெரும்பகுதி ஆந்திரப் பண்ணைகளில் வளர்க்கும் வனாமி என்ற இறால். தூத்துக்குடியிலிருந்து புறப்பட்டு அட்லாண்டிக் கரைக்கு வந்து நெல்லூர் இறாலைச் சாப்பிடவா? வைத்துவிட்டேன். வனாமியில் தப்பில்லை, விலை மலிவு, வார நாள் குழம்புக்கு நானும் வாங்குகிறேன். ஆனால் 'லோக்கல்' என்று நினைத்து அந்த விலையைக் கொடுக்காதீர்கள்.

பொருட்பட்டியலையும் படியுங்கள். 'இறால்' என்று ஒரே சொல் இருந்தால் நல்லது. 'இறால், தண்ணீர், உப்பு, சோடியம் டிரைபாலிபாஸ்பேட்' என்று இருந்தால், தண்ணீரைப் பிடித்துவைக்கும் உப்பு சேர்த்திருக்கிறார்கள். வாணலியில் போட்டதும் நீர் விட்டு, வதங்காமல் வெந்துவிடும். உங்கள் குழம்பும் நீர்த்துப்போகும்.

பையில் 16/20, 31/35, 41/50 என்று எண்கள் இருக்கும். ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, எத்தனை இறால் நிற்கும் என்பது அது. எண் கூடினால் இறால் சிறியது. லோகண்ட்ரி முறைக்கு 41/50 போதும், சுவையும் அதுவே கூடுதல். நியூ ஆர்லியன்ஸ் முறைக்குத் தலையோடு பெரியதாக வாங்குங்கள்.

நேரே படகுத்துறையில் வாங்குவதே உத்தமம். சார்ல்ஸ்டன் பக்கம் மவுண்ட் பிளசன்ட்டின் ஷெம் கிரீக், அலபாமாவில் பாயூ லா பாட்ரே, நியூ ஆர்லியன்ஸை அடுத்த வெஸ்ட்வீகோ ஆகிய இடங்களில் இறால் படகுகள் அல்லது அவற்றின் விற்பனைக் கடைகள் இருக்கின்றன. ரொக்கம் எடுத்துப் போங்கள், ஐஸ் பெட்டி காரில் இருக்கட்டும். கணக்கில் ஏமாறாதீர்கள்: தலையோடு 1 பவுண்டு வாங்கினால் உரித்தபின் அரைப் பவுண்டை ஒட்டித்தான் தேறும். தலையையும் ஓட்டையும் தூக்கிப் போடாதீர்கள், 8ஆம் படியில் வேலை இருக்கிறது.

பருவம்: தென் கரோலினாவில் வசந்தத்தில் வெள்ளை இறால் கொஞ்ச நாள் வரும், கோடையில் பழுப்பு இறால், ஆகஸ்டு கடைசியிலிருந்து இலையுதிர் காலம் முழுக்க மறுபடி வெள்ளை. லூசியானாவில் மே மாதம் பழுப்பு, ஆகஸ்டில் வெள்ளை. பழுப்பு இறாலில் அயோடின் வாடை தூக்கலாக இருக்கும். அது பிடிக்காவிட்டால் வெள்ளைக்குக் காத்திருங்கள். நான் செப்டம்பர், அக்டோபரில்தான் மொத்தமாக வாங்கி உறையவைக்கிறேன்.

7. கிரிட்ஸ் பையிலும் நான்கு வகை

இன்ஸ்டன்ட்: வெந்நீர் ஊற்றினால் போதும். இறாலுக்கு வேண்டாம். குயிக்: 5 நிமிடம், அவசரத்துக்குப் பரவாயில்லை. ஓல்ட் ஃபேஷன்ட் அல்லது ரெகுலர்: 15 முதல் 20 நிமிடம். ஸ்டோன் கிரவுண்ட்: முக்கால் மணி முதல் ஒன்றரை மணி வரை. கடைசி வகையில்தான் மக்காச்சோளத்தின் மணம் இருக்கும். விலை மற்றவற்றைவிட இரண்டு மூன்று மடங்கு. தென் கரோலினாவில் கொலம்பியாவின் ஆன்சன் மில்ஸ், எடிஸ்டோ தீவின் மார்ஷ் ஹென் மில் இரண்டும் பெயர்பெற்ற ஆலைகள்.

கல்லில் அரைத்ததில் முளைக்கரு அப்படியே இருப்பதால் எண்ணெய்ப் பசை உண்டு, வெளியே வைத்தால் சிக்கு வாடை அடிக்கும். வாங்கி வந்ததும் ஃப்ரீசரில் போடுங்கள். என் முதல் பையை அலமாரியில் வைத்து மூன்று மாதத்தில் குப்பையில் கொட்டினேன்.

இந்தியக் கடையில் கிடைக்கும் 'கார்ன் ஃப்ளோர்' வேறு, அது வெறும் மாச்சத்து. 'கார்ன் மீல்' மாவாக அரைத்தது, கட்டிதட்டும். பொலென்டா கிட்டத்தட்ட ஒத்துப்போகும் என்றாலும் வேறு ரகச் சோளம், கொஞ்சம் நறநறக்கும். வெள்ளையா மஞ்சளா என்றால் கடலோரத்தில் வெள்ளைக்கு மரியாதை அதிகம். எனக்கு மஞ்சளின் சோள மணம் பிடிக்கும். இதில் தப்பு ஒன்றும் இல்லை.

8. வீட்டில் செய்யும்போது நேரக்கணக்கு

நான்கு பேருக்கு, லோகண்ட்ரி முறையில். முதல் நாள் இரவே ஒரு கோப்பைக் கிரிட்ஸை நான்கு கோப்பைத் தண்ணீரில் ஊறவையுங்கள். மேலே மிதக்கும் தவிட்டை வலைக்கரண்டியால் எடுத்துவிடுங்கள். ஊறவைத்தால் வேகும் நேரம் நன்றாகக் குறையும்.

சாப்பாட்டுக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்கு முன்: ஊறிய தண்ணீரோடே அடுப்பில் ஏற்றி, உப்புப் போட்டு, கொதி வரும்வரை விடாமல் கிளறுங்கள். கட்டிதட்டுவது இந்தப் பத்து நிமிடத்தில்தான். கொதித்ததும் தீயை மிகக் குறைத்து மூடிவிடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அடியைத் தொட்டுக் கிளறினால் போதும். இறுகினால் வெந்நீர் கொஞ்சம். கொதிக்கும் கிரிட்ஸ் தெறித்துக் கையில் பட்டால் களியைவிட மோசமாகச் சுடும், ஆழமான பாத்திரம் எடுங்கள்.

ஒரு மணி நேரத்துக்கு முன்: இறால் தலை, ஓடு எல்லாவற்றையும் வதக்கி, மூன்று கோப்பைத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். அரை மணியில் வடித்தால் சாறு தயார். இங்கே பல வீடுகளில் இதைச் செய்வதில்லை, கோழிச்சாறு டப்பாவை உடைக்கிறார்கள். ஓட்டுச் சாறுதான் குழம்பின் உயிர்.

அரை மணிக்கு முன்: நான்கு துண்டு பேக்கனை வறுத்து எடுத்துவிட்டு, அந்தக் கொழுப்பில் வெங்காயம் வதக்கி, இரண்டு மேசைக்கரண்டி மைதா போட்டுச் சிவக்க வறுத்து, ஒன்றரைக் கோப்பைச் சாறு ஊற்றுங்கள். பன்றி வேண்டாதவர்கள் வெண்ணெயில் ஆரம்பித்து ஒரு சிட்டிகை புகையூட்டிய பாப்ரிகா சேருங்கள். அந்தப் புகை வாசம் வந்துவிடும்.

கடைசி மூன்று நிமிடம்: உரித்த இறால் 1 பவுண்டைக் குழம்பில் போடுங்கள். ஆங்கில எழுத்து 'சி' மாதிரி வளைந்தால் வெந்தது. வட்டமாகச் சுருண்டால் ரப்பர். எலுமிச்சை பிழிந்து இறக்குங்கள். கிரிட்ஸில் வெண்ணெய் ஒரு பெரிய கட்டி போட்டுக் கலந்து, குழி செய்து, குழம்பை ஊற்றுங்கள்.

இஞ்சி பூண்டு விழுதும் மஞ்சள்தூளும் போடக் கை துடிக்கும். எனக்கும் துடித்தது, போட்டேன், நன்றாகவே இருந்தது. ஆனால் அதை இறால் தொக்கும் சோளக் களியும் என்று சொல்லிப் பரிமாறுங்கள். சார்ல்ஸ்டன்காரர் முன்னால் வேறு பெயர் சொன்னால் என் கதைதான் உங்களுக்கும்.

9. நீங்களே வலை வீச ஆசைப்பட்டால்

தென் கரோலினாவில் 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு உப்புநீர் மீன்பிடி உரிமம் வேண்டும், வீச்சு வலைக்கும் சேர்த்துத்தான். மாநில இயற்கை வளத் துறையின் தளத்திலேயே வாங்கலாம்.

செப்டம்பரில் தொடங்கி 60 நாள் நடக்கும் இரை போட்டுப் பிடிக்கும் பருவத்துக்குத் தனியாக இன்னோர் உரிமம். மாநிலவாசிக்கு 25 டாலர். வெளிமாநிலத்தவருக்கு 500 டாலர்! ஓட்டுநர் உரிமத்தில் பழைய மாநில முகவரி இருந்தால் நீங்கள் வெளியாள்தான், அதனால் குடிமாறியதும் முதலில் அதை மாற்றுங்கள். மீன்தூளும் களிமண்ணும் பிசைந்த உருண்டையை நீரில் போட்டு, பக்கத்தில் கழி நட்டு, இருட்டியபின் வலை வீசுவார்கள். ஒரு குழுவுக்குப் பத்துக் கழிக்கு மேல் நடக்கூடாது, நாளுக்குத் தலையோடு 48 குவார்ட் வரைதான், அது ஏறத்தாழ 45 லிட்டர். இது தாண்டினால் அபராதம். ஷார்லட்டில் இருக்கும் எனக்கு 500 டாலர் கட்டுப்படியாகாது என்பதால், உரிமம் வைத்திருக்கும் அந்தச் சார்ல்ஸ்டன் சக ஊழியரின் படகில் ஐஸ் பெட்டி சுமக்கும் ஆளாகப் போய்வந்தேன். வலையை அவர்தான் வீசினார்.

10. மீந்துபோனால்

கிரிட்ஸ் ஆறியதும் களி மாதிரி இறுகும், மறுபடி சூடாக்கினால் பழைய பதம் வராது. அதனால் சூடாக இருக்கும்போதே எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றிப் பரப்பி, குளிர்பெட்டியில் வையுங்கள். மறுநாள் துண்டு போட்டு, இரும்புச் சட்டியில் இரண்டு பக்கமும் மொறுமொறுப்பாகப் பொரியுங்கள். ஓரம் சிவக்கும் முன் திருப்பாதீர்கள், ஒட்டிக்கொள்ளும். இறாலைத் தனியாக எடுத்துவைத்து, குழம்பை மட்டும் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்தபின் இறாலை உள்ளே போடுங்கள். மைக்ரோவேவில் இறாலை வைக்கவே வைக்காதீர்கள், அலுவலகத்தில் என்றால் அறவே கூடாது.